திறந்த பதிவேடு, பூட்டிய நூலகம்

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கினால் ஆங்கில மருத்துவம், சித்த மருத்துவம் என இரு மருத்துவ மரபுகளும் நடந்துபோகும் தூரத்தில்தான். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை ஒன்று. 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் மற்றொன்று. இவ்விரண்டு மரபுகளையும் உலகத்தோடு இணைக்கும் தகவல் களஞ்சியங்கள் இரண்டு உண்டு. இரண்டுமே இந்திய அரசு உருவாக்கியவை. போக்கு மட்டும் நேரெதிர்.

முதலாவது, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2007-ல் தொடங்கிய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு, சிடிஆர்ஐ. மனிதர்கள்மீது மருந்தைச் சோதிப்பவர்கள் யார், பணம் யாருடையது, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்பதையெல்லாம் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். விவரங்கள் உலக சுகாதார நிறுவனத்தின் பொதுத் தளத்துக்கும் போகின்றன. 2020-ல் சித்த மருந்தான கபசுரக் குடிநீர் பற்றிய ஆய்வுகளும் இதில் பதிவாயின. பதிவு இருப்பதாலேயே ஓர் ஆய்வு நியாயமானதாகிவிடாது. ஆனால் கேள்வி கேட்க ஒரு பிடி கிடைக்கிறது.

இரண்டாவது, 2001-ல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின் நூலகம். மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நாம் மறுஆய்வு கோரி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தோம். ஒவ்வொரு முறையும் இப்படி ஓட முடியாதே என்றுதான் ஆயுர்வேத, யுனானி, சித்த நூல்களின் மருந்து முறைகளைத் தொகுத்தார்கள். ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியம், ஸ்பானியம் என ஐந்து மொழிகளில் அவை இருக்கின்றன. தமிழ் நூலிலிருந்து எடுத்த மருந்து முறையை ஜெர்மானியக் காப்புரிமை அதிகாரி தன் மொழியில் படிக்கலாம். அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை!

அந்த நூலகத்தைப் பார்க்கும் உரிமையும் பல்லாண்டுகளாகக் காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டும்தான் இருந்தது, அதுவும் வெளியே சொல்வதில்லை என்ற ஒப்பந்தத்தின்பேரில். திறந்து வைத்தால் கம்பெனிக்காரர்கள் ஒரு சரக்கை மாற்றிப்போட்டுப் புது மருந்து என்பார்கள் என்ற அச்சம் வெறும் கற்பனையல்ல. ஆனால் மூல நூல்கள் அச்சில் கிடைப்பவைதானே? புத்தகக் கடையில் விற்பதைத் தொகுத்துவிட்டுப் பெட்டகத்தில் வைத்தால் கம்பெனிக்காரன் கடைக்குப் போய்க்கொள்வான். தொகுப்பில் பிழை இருந்தால் திருத்தக்கூடிய சித்த மருத்துவர்தான் வாசலில் நிற்பார். மற்றவர்களுக்கும் படிப்படியாகத் திறக்க 2022-ல்தான் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது, அதுவும் கட்டணத்தோடு.

என் வாக்கு பதிவேட்டுக்கே. ஆனால் அதுவும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறது. பரிசோதனைக்கு ஒப்புதல் படிவம் நீட்டப்பட்டால், கையெழுத்துப் போடும் முன் சிடிஆர்ஐ எண்ணைக் கேளுங்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளையிடம் சொல்லி அதைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.