4,331 ஆடு, 598 குட்டி: ‘டனீடின்’ சரக்குப் பட்டியலை மீண்டும் படித்தல்

உறைவித்த இறைச்சியின் கடல் வாணிகத்தைப் பற்றி எழுதப் புகுகிற எவரும் இன்று வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெலிக்கிடம் கணக்குத் தீர்க்காமல் நகர முடியாது. ‘பாரடைஸ் ரீஃபோர்ஜ்டு’ (2001), ‘ரிப்ளெனிஷிங் தி எர்த்’ (2009) ஆகிய நூல்களில் அவர் நிறுவும் வாதம் ஆய்வுலகம் நன்கறிந்தது. குடியேற்ற நாடுகள் முதலில் திடீர் ஏற்றம் காண்கின்றன. பிறகு சரிகின்றன. சரிவிலிருந்து அவற்றைத் தூக்கி நிறுத்துவது தாய்நாட்டுக்கான ஏற்றுமதி. நியூசிலாந்தின் கதையில் அந்த ஏற்றுமதி இறைச்சியும் வெண்ணெயும். அவற்றைச் சுமந்த கப்பல் வழிக்கு அவர் இட்ட பெயர் புரதப் பாலம். அந்தப் பாலத்தின் வழியே நியூசிலாந்து லண்டனின் கொல்லைப்புறத் தோட்டமாக மாறியது, 1880கள் முதல் பிரிட்டனோடு முன்னைவிட இறுக்கமாகப் பிணைந்தது என்கிறார். இதையே ‘மறுகாலனியாக்கம்’ என்கிறார்.

வாதத்தின் பிற்பகுதியில் எனக்குச் சண்டை இல்லை. முதலாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளுக்கு அது பொருந்தவே செய்கிறது. பாலம் என்ற உருவகத்தில்தான் இடறல். பாலம் என்றதும் அக்கரையின் தேவையும் இக்கரையின் சரக்கும் ஒன்றையொன்று அறிந்திருந்தன என்ற எண்ணம் வந்துவிடுகிறது. லண்டன் கேட்டது, நியூசிலாந்து கொடுத்தது என்று ஆகிவிடுகிறது. படிப்படியான மாற்றத்தைத்தான் தாம் சொல்வதாகப் பெலிக் பதில் சொல்லக்கூடும். ஆனாலும் அந்தச் சட்டகத்துக்குள் முதல் கப்பல் முதல் பலகையாகத்தான் நிற்கிறது. முதல் கப்பலின் சரக்கைப் பார்த்தால் அப்படி நிற்க அதற்குத் தகுதி உண்டா என்ற ஐயம் எழுகிறது.

1882 பிப்ரவரி 15 அன்று போர்ட் சால்மர்ஸ் துறையை விட்ட அந்த முதல் கப்பலான ‘டனீடின்’ மே 24 அன்று லண்டன் சேர்ந்தது. 98 நாள். பொதுமக்களுக்கான நூல்கள் ‘சுமார் 5,000 ஆடுகள்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. விரிவான பட்டியல் வேறு விதமாகப் பேசுகிறது: வளர்ந்த செம்மறி 4,331, செம்மறிக் குட்டி 598, பன்றி 22. கூடவே வெண்ணெய்ப் பீப்பாய்கள், முயல், வான்கோழி, கோழி, ஆட்டு நாக்கு 2,226. உரித்த உடல்களை மட்டும் கூட்டினால் 4,951 வருகிறது. வட்ட எண் தவறில்லை, ஆனால் அது பன்றியையும் ஆடாக்கிவிட்டது, குட்டியை விழுங்கிவிட்டது.

அந்தக் குட்டிகள்தான் என் வாதம். மொத்தம் 4,929 செம்மறி உடல்களில் குட்டி 598, அதாவது எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பிற்காலத்தில் லண்டனின் ஸ்மித்ஃபீல்டு சந்தையில் ‘கேன்டர்பரி குட்டி’ என்ற பெயரே ஒரு முத்திரையாக நின்றது. சிறிய உடல், இளங்கறி, ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு அளவான தொடை. லண்டன் நாக்கு விரும்பியது அதை. 1882இல் போனதோ பெரும்பாலும் வளர்ந்த ஆடு. பருவத்தைக் காரணம் காட்ட இயலாது. தென்கோளத்தில் வசந்தத்தில் ஈன்ற குட்டி கோடையில், அதாவது டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள், அறுப்புக்குப் பக்குவமாகிவிடும். கப்பல் ஏற்றப்பட்டது சரியாக அந்தப் பருவத்தில். குட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதிகம் ஏற்றப்படவில்லை.

ஏன்? அன்றைய நியூசிலாந்து ஆடு ரோமத்துக்காக வளர்க்கப்பட்டது. கம்பளி விலை சரிந்தபோது மந்தைகள் சுமையாயின. உபரி ஆடுகளைக் கொப்பரையில் வேகவைத்துக் கொழுப்பை மட்டும் எடுத்து விற்பதே அதுவரை கண்ட வழி. டனீடினில் ஏறியது கொப்பரைக்குப் போகவிருந்த மந்தை என்று நான் படிக்கிறேன். இதைப் பாலம் என்பதைவிட வடிகால் என்பது பொருந்தும். ஒரே ஒரு கப்பலின் பட்டியலை வைத்து இவ்வளவு சொல்வது துணிச்சல்தான். குட்டியை அறுத்தால் அடுத்த ஆண்டுகளின் ரோமம் போய்விடும் என்ற தயக்கமே காரணம் என்று மறுப்போர் சொல்லலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் என் பக்கம்தான் வலுப்படுகிறது: முடிவெடுத்தது ரோமக் கணக்கு, லண்டன் சமையலறை இன்னும் படத்துக்குள் வரவில்லை.

நாக்குக் கணக்கும் என்னை விடவில்லை. 4,929 செம்மறிக்கு 2,226 நாக்கு, பாதிகூட இல்லை. மீதி உள்ளூரில் விலைபோயிருக்கலாம், அல்லது ஏற்றுமதிக்குத் தேறும் என்று யாரோ பாதி வேலையில்தான் நினைத்திருக்கலாம். இரண்டாவதை நான் விரும்புகிறேன். இவர்கள் சந்தை அறிந்து சரக்கு அடுக்கிய வணிகர்களாகத் தெரியவில்லை. எதுவெல்லாம் கெடாமல் போய்ச் சேரும் என்று சோதித்துப் பார்த்தவர்கள். முயலும் வான்கோழியும் அந்தச் சோதனையின் மாதிரிகள்.

எந்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். டனீடினில் இருந்த பெல்-கோல்மன் எந்திரம் காற்றை அமுக்கி, கடல்நீரால் சூட்டைத் தணித்து, பிறகு விரியவிட்டுக் குளிராக்கும். 1880 தொடக்கத்தில் ‘ஸ்ட்ராத்லெவன்’ அதே எந்திரத்துடன் ஆஸ்திரேலிய இறைச்சியை லண்டனில் இறக்கிவிட்டது. அதற்கும் முன்னே பிரெஞ்சுக் கப்பல்கள் ‘ஃப்ரிகோரிஃபிக்’, ‘பராகுவே’ இரண்டும் தென்னமெரிக்காவுக்குப் போய்வந்துவிட்டன. ஆனாலும் பிரான்சுக்கு அப்படியொரு பாலம் அமையவில்லை. எந்திரம் இருந்தால் பாலம் வந்துவிடும் என்றால் முதல் பாலம் அங்கே எழுந்திருக்க வேண்டும். குளிர் அறையைக் கடலில் மிதக்கவிடுவதும் புதிதில்லை. சென்னை ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு மாசசூசெட்ஸ் ஏரிப் பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து அனுப்பிய ஃபிரெடரிக் டியூடர், கல்கத்தாவுக்கு அதே பனியோடு ஆப்பிளும் அனுப்பியிருக்கிறார்.

டனீடினில் எந்திரம் படுத்திய பாடும் சிறிதல்ல. 1881 டிசம்பரில் உறைவிக்கத் தொடங்கிய சில நாளில் கிராங்க் ஷாஃப்ட் முறிந்தது. அதுவரை உறைந்த ஆடுகளைக் கரையிறக்கி உள்ளூரில் விற்க நேர்ந்தது. கடலில் புகைபோக்கிப் பொறிகள் பாயைப் பற்றவைத்தன. வெப்பமண்டலத்தில் காற்றின்றிக் கப்பல் நின்றபோது குளிர்காற்று சரக்கறையின் எல்லா மூலைக்கும் போகவில்லை. கேப்டன் ஜான் விட்சன் குளிர்ப்பாதைக்குள் தவழ்ந்து போய், ரம்பத்தால் புதிய துளைகள் அறுத்தார். உள்ளேயே விறைத்துக் கிடந்தவரைக் கயிறு கட்டி இழுத்து உயிர்ப்பித்தார்கள். இதை எல்லோரும் வீரக்கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது சான்று: உடல்களை எப்படி அடுக்கினால் காற்று சுற்றும் என்பது கப்பல் கிளம்பும்வரை எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. லண்டனில் கழித்துக்கட்டப்பட்டது ஓர் உடல்தான் என்பதில் திறமையோடு அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் பின்னே நின்ற நியூசிலாந்து ஆஸ்திரேலிய நிலக் கம்பெனி ஸ்காட்லாந்து முதலீட்டில் நடந்தது. டேவிட்சனும் பிரைடனும் அதன் அலுவலர்கள். வடக்கு ஒட்டாகோ வட்டாரத்தில் ஓமாரு அருகே டோட்டாராவில் அறுத்து, ரயிலில் துறைக்குக் கொண்டுவந்து, கப்பலிலேயே உறைவித்தார்கள். அந்த ரயில்பாதை 1878இல் திறந்தது. அது இல்லாமல் கோடை வெயிலில் ஓர் ஆடும் துறை சேர்ந்திருக்காது.

அப்படியானால் பாலம் எப்போது பாலமானது? ஆடு மாறியபோது என்பது என் விடை. ரோமமும் கறியும் ஒருங்கே தரும் கொரிடேல் கலப்பினம் இதே வடக்கு ஒட்டாகோவில் உருப்பெற்றது. சீக்கிரம் சதை போடும் ஆங்கில இனக் கிடாக்களைச் சேர்த்து ஏற்றுமதிக்கென்றே குட்டி வளர்க்கும் வழக்கம் பரவியபோதுதான் லண்டனின் விருப்பம் மேய்ச்சல் நிலத்துக்குள் நுழைந்தது. இதற்கு ஓர் ஆண்டைக் குறிக்க நான் தயாரில்லை. பண்ணைக்குப் பண்ணை வேகம் வேறுபட்டது. 1890களைச் சொல்லத் தோன்றுகிறது, அதுவும் கேன்டர்பரிக்கு மட்டும். ஒட்டாகோவின் மேட்டு நிலங்களில் மெரினோ ரோமத்துக்காகவே தொடர்ந்து மேய்ந்துகொண்டிருந்தது. டனீடின் கப்பலோ 1890இல், மீண்டும் லண்டனை நோக்கிப் போகையில், காணாமல் போனது.