பிராக்கன்ஹர்ஸ்டில் ஒரு தோட்டியின் கல்லறை



இங்கிலாந்தின் தென்பகுதியில், நியூ ஃபாரஸ்ட் காட்டை ஒட்டி பிராக்கன்ஹர்ஸ்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. தெருவில் மட்டக்குதிரைகள் அவிழ்த்துவிட்ட மாடுகளைப்போலத் திரிகின்றன. சற்றுத் தள்ளி, மேட்டில் புனித நிக்கோலஸ் தேவாலயம். அதன் கல்லறைத் தோட்டத்தில் 93 நியூசிலாந்து வீரர்கள் வரிசையாகக் கிடக்கிறார்கள். முதல் உலகப் போரின்போது அவ்வூரில் இயங்கிய நியூசிலாந்து ராணுவ மருத்துவமனையில் இறந்தவர்கள். ஆண்டுதோறும் ஏப்ரலில் அவர்களுக்கு அஞ்சலி நடக்கிறது. நாங்கள் தேடிப்போனது வேறொரு கல்லை.

நியூசிலாந்துக்காரர்களுக்கு முன்பு அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் இந்தியர்கள். 1914 இலையுதிர் காலத்தில் பிரான்ஸ் போர்முனைக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படையில் காயம்பட்டோருக்காக லேடி ஹார்டிங் மருத்துவமனை அவ்வூரில் திறக்கப்பட்டது. மீரட் சாலை என்ற தெருப்பெயர் இன்றும் அதற்குச் சாட்சி. அந்த மருத்துவமனையில் கழிப்பிடம் கழுவ, மலச்சட்டி எடுக்க வந்தவர் சுக்கா. பரேலி நகரத்தின் கங்காபூர் மொகல்லாவைச் சேர்ந்தவர். 1915 ஜனவரி 12 அன்று இறந்தார். வயது 30.

பிணத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி இது: தீண்டத்தகாதவர் என்று இந்துக்கள் தங்கள் தகனமேடையில் அவரை எரிக்க மறுத்தார்கள். வோக்கிங்கில் இருந்த முஸ்லிம் அடக்கத் தலத்திலும் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஊர்ப் பாதிரியார் தன் தேவாலயத் தோட்டத்தில் குழி தோண்டச் சொன்னார். பங்கு மக்கள் கல் எடுத்தார்கள். அவர் கிறித்தவர் அல்லர், ஆயினும் பிறருக்காகத் தன் உயிரைத் தந்தவர் என்று அந்தக் கல் சொல்கிறது.

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாஸ்திரக்காரர்கள் அஞ்சியதுண்டு. அப்படி எதுவும் போகவில்லை. சிப்பாய்களோடு சாதியும் கப்பலேறி வந்தது. வெள்ளை அரசாங்கம் அதைப் பத்திரமாக இறக்கிவைத்தது. பிரைட்டன் அரண்மனையை மருத்துவமனையாக்கியபோது ஒன்பது சமையற்கூடங்கள் கட்டினார்கள். இந்துவுக்கு ஒரு குழாய், முஸ்லிமுக்கு ஒரு குழாய். மலம் அள்ளுவதற்கு மட்டும் நம்மவர்களைத் தேடி எடுத்து வந்தார்கள். இதைத்தான் அன்றைய பத்திரிகைகள் பேரரசின் பெருந்தன்மையாகக் கொண்டாடின. ஆகவே, பாதிரியாரின் செயலுக்கு நன்றி சொல்லும்போதே அவருடைய அரசாங்கத்துக்கு அந்தக் கணக்கில் வரவு வைக்க நாம் தயாராக இல்லை.

கல்லில் சுக்காவை எளிய ஊழியர் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல்லின் முன்னால் எங்களில் ஒரு தோழர் நெடுநேரம் நின்றார். தோட்டி என்று எழுதக் கூச்சப்பட்டார்களா, அல்லது அது மரியாதையா என்று எங்களுக்குள் வாக்குவாதம். முடிவாகவில்லை. அவருக்கு மனைவி இருந்தாரா, செய்தி பரேலிக்கு யார் கொண்டுபோனார்கள் என்பதும் கல்லில் இல்லை.

இன்னொன்றும் உறுத்தியது. மறுக்கப்பட்டதால்தான் சுக்காவின் பெயர் நமக்குத் தெரிகிறது. தகனமேடை ஏற்றுக்கொண்டிருந்தால் பரேலித் தோட்டியை யார் கல்லில் எழுதியிருப்பார்கள்? கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. ஆப்பிரிக்கா, ஆசியாவைச் சேர்ந்த குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அது ஒப்புக்கொண்டது. சுமை தூக்கியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், குழி வெட்டியவர்கள் போன்றோரே அதில் ஏராளம்.

சிலர் கேட்கலாம், நூறாண்டுக்கு முந்தைய பிணத்தை இப்போது ஏன் தூக்குகிறீர்கள் என்று. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே வழி மறிக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காணொளியைப் பார்க்காதவர் இந்த அரங்கில் இருக்கமாட்டீர்கள்.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறோம். படைப்பிரிவுகளின் பதிவேடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் சிப்பாய் பட்டியலோடு எழுந்துவிடாதீர்கள். ராணுவம் ‘ஃபாலோயர்’ என்று தனியாக ஒதுக்கிய பக்கங்களைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஊர்ப்பெயர் கிடைத்தால் அந்த ஊருக்குப் போங்கள். கங்காபூருக்கு நாங்கள் போகிறோம்.