வீட்டில் ஸ்டோர் ரூம் இருந்தால் என்ன லாபம்? பாட்டி காலத்து உக்கிராண அறை இப்போ 'பேன்ட்ரி'!

புது வீடு கட்டுபவர்கள் மத்தியில் இப்போது அடிக்கடி கேட்கும் வார்த்தை 'வாக்-இன் பேன்ட்ரி'. சமையலறையை ஒட்டி, ஆள் உள்ளே போய் நின்று பொருள் எடுக்கும் அளவுக்கு இருக்கும் சின்ன அறைதான் அது. பேர்தான் புதுசு. நம்ம ஊரில் இதற்கு உக்கிராண அறை என்று பெயர்.

அன்று எப்படி இருந்தது?

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர் சுற்றுவட்டாரம் நெல் விளையும் பகுதி. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று இந்த மாவட்டத்தில் மூன்று பட்டமும் உண்டு. ஒரு அறுவடையில் வரும் நெல்லை அடுத்த அறுவடை வரை காப்பாற்றணும். அதற்குத்தான் மண்ணில் செய்த குதிரும், மூங்கிலில் பின்னி மெழுகிய தொம்பையும். புளி, மிளகாய், பருப்பு வகைகள் பானைகளில் இருக்கும்.

இன்று நிலைமை வேறு. காக்களூர் தொழிற்பேட்டை, கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று ஷிப்ட் வேலைக்குப் போகும் குடும்பங்கள் சம்பளம் வந்ததும் மாத மளிகையை மொத்தமாக வாங்குகின்றன. ஆனால் வீட்டு பிளானில் இடம் பத்தவில்லை என்றால் முதலில் அடிபடுவது ஸ்டோர் ரூம்தான். அரிசி மூட்டை கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

என்னென்ன நன்மை?

வீணாவது குறையும்: 2022-ல் உலகம் முழுக்க சுமார் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. அதில் ஏறக்குறைய 60 சதவீதம் வீடுகளில் வீணானது. இருப்பது கண்ணுக்குத் தெரிந்தால், இருக்கிற பருப்பையே மறுபடி வாங்க மாட்டோம்.

மழைக்காலத்தில் கைகொடுக்கும்: 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் தத்தளித்தன. பல இடங்களில் பால் பாக்கெட்டுக்கே திண்டாட்டம். குறைந்தது 3 நாளுக்கான அரிசி, பருப்பு, குடிநீர் உயரமான தட்டில் இருந்தால் அந்த நேரத்தில் பதற வேண்டாம்.

பொருள் கெடாது: அடுப்புச் சூடும் ஆவியும் படாததால் மசாலாவின் வாசனை நிற்கும், எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது.

எவ்வளவு இடம் வேணும்?

5 அடிக்கு 5 அடி இருந்தாலே போதும். கடப்பா கல்லில் தட்டு போடலாம். 12 முதல் 15 அங்குல ஆழம் போதும். அதற்கு மேல் போனால் பின்னால் இருப்பது கண்ணில் படாது. அடித்தட்டில் டிரம், கண் மட்டத்தில் தினசரி பொருள், மேலே எப்போதாவது எடுப்பது.

தனி அறைக்கு வழியில்லாத வாடகை வீடா? காற்றோட்டமான ஒரு மூலையில் இரும்பு ரேக் போட்டாலும் பாதி வேலை முடிந்தது.

கவனிக்க வேண்டியவை

* ஈரம்தான் முதல் எதிரி. பாத்ரூம் சுவரை ஒட்டி இந்த அறை வேண்டாம். வலை போட்ட ஒரு சின்ன ஜன்னல் அவசியம்.
* மூட்டையை வெறும் தரையில் வைக்காதீங்க. பலகை போட்டு, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்க.
* ஈரம் பட்ட வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உருவாகலாம். அது கல்லீரலைப் பாதிக்கும். வறுத்தாலும் முழுசா போகாது. பூஞ்சை பிடித்ததைத் தூக்கிப் போடுவதே நல்லது.
* அரிசி, பருப்பை நன்றாகக் காய வைத்து, காய்ந்த வேப்பிலையோ வரமிளகாயோ போட்டு மூடுங்க.
* பழசை முன்னால் வையுங்க, புதுசை பின்னால். டப்பாவில் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்க.
* கேஸ் சிலிண்டரை இந்த அறையில் வைக்கவே கூடாது. சமையல் எரிவாயு காற்றை விட கனமானது. கசிந்தால் மூடிய அறையில் தரையோடு தேங்கி நிற்கும். ஒரு சுவிட்ச் போட்டாலே தீப்பிடிக்கலாம்.
* பூச்சி மருந்து, பினாயில், ஆசிட் எதுவும் உணவுப் பொருள் பக்கத்தில் வேண்டாம்.

வீடு கட்டும் திட்டம் இருந்தால், பிளான் போடும்போதே இந்த அறைக்கு இடம் ஒதுக்கச் சொல்லி மேஸ்திரியிடம் சொல்லிடுங்க. கட்டி முடித்த பிறகு சமையலறையை ஒட்டி 25 சதுர அடியைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.