அமெரிக்கக் கால்பந்து: 3 வினாடிக்குள் முடிவெடுக்கும் குவார்ட்டர்பேக்

அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதலை வழிநடத்துபவர் குவார்ட்டர்பேக். 'ஸ்னாப்' மூலம் ஆட்டம் தொடங்கியது முதல் அவர் பந்தை எறியும் வரையிலான இடைவெளியே 'எறிதல் நேரம்' எனப்படுகிறது. தேசிய கால்பந்து லீக் (என்எஃப்எல்) போட்டிகளில் இதன் சராசரி சுமார் 2.7 வினாடிகள். வீரர்களின் தோள்கவசத்திலும் பந்திலும் பொருத்தப்பட்ட மின்னணு சில்லுகள் ஆட்டத்தின் ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்கின்றன.

கையை வீசும் வேகம் இதில் ஒரு பகுதி மட்டுமே. எதிரணியின் தடுப்பு வியூகத்தைக் கணித்து, எவரிடம் எறிவது என முடிவெடுக்கவே பெரும்பகுதி நேரம் செலவாகிறது. பாதுகாப்பு அரண் பெரும்பாலும் 2.5 வினாடிகள் வரையே தாக்குப்பிடிக்கும் எனக் கருதப்படுகிறது. அதன் பிறகு எதிரணியினரிடம் சிக்கி வீழ்த்தப்படும் அபாயம் அதிகரிக்கிறது.

மியாமி டால்பின்ஸ் அணியின் துவா டாகோவைலோவா, 2022 செப்டம்பரில் அவ்வாறு வீழ்த்தப்பட்டு, தலையில் அதிர்வுக் காயமுற்று, தூக்குப்படுக்கையில் வெளியேற்றப்பட்டார். 2023 பருவத்தில் சராசரியாக 2.4 வினாடிகளுக்குள் பந்தை எறிந்த அவர், 17 ஆட்டங்களிலும் பங்கேற்று, 4,624 கெஜங்களுடன் லீக்கில் முதலிடம் பிடித்தார்.

எனினும், விரைவு மட்டுமே திறமையின் அளவுகோல் அன்று. ஓடித் தப்பி, அதிக நேரம் எடுத்துக்கொண்டு எறியும் பால்டிமோர் ரேவன்ஸ் வீரர் லமார் ஜாக்சனே, அதே பருவத்தின் மிகச்சிறந்த வீரராகத் தேர்வானார்.