பதக்கத்துக்கு முன்னால் ஒரு வாசல்

திருமயம் கோட்டையை 1687இல் கட்டியவர் கிழவன் சேதுபதி. ஊர்க்காரர்களுக்கு அது ஊமையன் கோட்டை. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையால் வந்த பெயர். அந்தக் கோட்டையைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் வீரர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்களிடம் வீரம் இல்லாததாலா, வீரம் பதிவாகும் இடத்துக்குள் அவர்களை விடாததாலா? நம் காலத்துச் சட்டப் புத்தகத்திடமும் இதைக் கேட்க வேண்டும்.

1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படை உருவானது. தலைமை கேப்டன் லட்சுமி. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலேயா ரப்பர் தோட்டங்களில் பிழைக்கப்போன குடும்பங்களின் தமிழ்ப் பெண்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, விமானத் தாக்குதலுக்குப் பயந்து பகலில் பதுங்கி இரவில் நடந்தார்கள். ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் வழியிலேயே கொல்லப்பட்டார்கள்.

சுதந்திர இந்தியா 1950 ஜனவரி 26 அன்று பரம்வீர் சக்கரத்தை நிறுவியது. அதை வடிவமைத்தவர் சாவித்திரி கானோல்கர் என்ற பெண். அதே ஆண்டு நாடாளுமன்றம் ராணுவச் சட்டத்தை இயற்றியது. மத்திய அரசு அறிவிக்கை வெளியிடும் பிரிவுகளைத் தவிர வேறெதிலும் சேரப் பெண்ணுக்குத் தகுதியில்லை என்றது அதன் 12ஆம் பிரிவு. ஜான்சி ராணிப் படை கலைந்து ஐந்து ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. இதுவரை பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரும் ஆண்கள்.

மருத்துவம், செவிலியம் தவிர்த்த பிரிவுகளில் பெண் அதிகாரிகள் நுழைந்தது 1992இல்தான். அதுவும் குறுகிய காலப் பணிக்கு. 2010 பிப்ரவரி 26 அன்று காபூலில் இந்தியர்கள் தங்கியிருந்த விடுதி தாக்கப்பட்டது. ராணுவக் கல்விப் பிரிவின் மிதாலி மதுமிதா, கையில் ஆயுதம் இல்லாமலே அங்கே ஓடிப்போய் இடிபாடுகளில் சிக்கியவர்களை மீட்டார். வீரத்துக்கான சேனா பதக்கம் பெற்ற முதல் பெண் அதிகாரி அவர்.

பெண்ணின் உடலையும் குடும்பப் பொறுப்பையும் காட்டி நிரந்தரப் பணியை மறுத்த அரசின் வாதத்தை 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்ப்பு சுட்டிய சான்றுகளில் மிதாலியின் செயலும் ஒன்று.

மிதாலிக்குப் பதக்கம் கிடைத்தது, அவர் காபூலில் இருக்க அனுமதிக்கப்பட்டதால். எத்தனை பேருக்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை என்பதை எந்தப் பதக்கப் பட்டியலும் சொல்லாது. வீராங்கனைகளைப் பாராட்டி அவையில் மேசை தட்டுவது எளிது. பெண்ணை விதிவிலக்காக மட்டுமே உள்ளே விடும் அந்த 12ஆம் பிரிவைத் திருத்துவதுதான் நாடாளுமன்றத்தில் சட்டம் செய்கிறவர்கள் தரக்கூடிய உண்மையான அங்கீகாரம்.