மிஸ் அடிக்கிற அம்பாசடர்: நூறு வருஷத்து டீபக்கிங்

இந்த எபிசோடுக்குக் காரணம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வன்னியம்பட்டியில இருந்து ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ். அவங்க அப்பா வாங்கின 1984 அம்பாசடர், பெட்ரோல் வண்டி. நின்னுட்டு இருக்கும்போதே நடுங்குது, ராஜபாளையம் ரோட்டுல இழுக்கும்போது துள்ளுது. காட்டின ஒர்க்‌ஷாப்ல கார்புரேட்டர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாத்தையும் மாத்தணும்னு சொல்லியிருக்காங்க. அந்தக் காசுக்கு வண்டியையே எடைக்குப் போட்டுடலாமான்னு வீட்ல பேச்சு. “ப்ரோ, எதை முதல்ல பார்க்கணும்?”னு கேட்டிருந்தார்.

மெக்கானிக் பாஷையில இதுக்குப் பேர் ‘மிஸ் அடிக்குது’. நாலு சிலிண்டர்ல ஏதோ ஒண்ணு, தன் முறை வரும்போது எரியாம விடுது. அது எதுன்னு கண்டுபிடிக்கிற வழி புரியணும்னா, கொஞ்சம் பின்னாடி போகணும்.

அமெரிக்காவில சார்லஸ் கெட்டரிங்னு ஒரு இன்ஜினியர் உருவாக்கின பேட்டரி இக்னிஷன், 1910 மாடல் காடிலாக் கார்கள்ல வந்தது. பாயிண்ட்னு சொல்ற சின்ன சுவிட்ச் மூடியிருக்கும்போது காயில்ல கரண்ட் ஓடி காந்தப்புலம் உருவாகும். பாயிண்ட் திறந்ததும் அது சட்டுனு சரியும். அந்த நொடியில பல ஆயிரம் வோல்ட் கிளம்பி, டிஸ்ட்ரிபியூட்டர் வழியா அந்தந்த பிளக்குக்குப் போகும். பாயிண்ட் பொறி பறந்து கருகாம பார்த்துக்கிறது கண்டென்சர்.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையா வச்சு, வங்காளத்து உத்தர்பாராவில ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செஞ்ச அம்பாசடரோட 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின்லயும் இதே ஏற்பாடுதான். எரியும் வரிசை 1-3-4-2. நிமிஷத்துக்கு 3,000 சுத்துன்னா, நொடிக்கு 100 தடவை அந்தப் பாயிண்ட் திறந்து மூடணும். இடைவெளி 0.35-ல இருந்து 0.40 மில்லிமீட்டர். அது தேய்ஞ்சு மாறினா, வண்டி தாளம் தப்பும்.

இதைக் கண்டுபிடிக்க பழைய மெக்கானிக்குகள் வச்சிருந்த சோதனை ரொம்ப எளிமையானது. இன்ஜினை ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட பிளையரால ஒவ்வொரு பிளக் ஒயரா கழட்டி மாட்டுவாங்க. கழட்டினதும் ஓட்டம் இன்னும் தள்ளாடினா, அந்த சிலிண்டர் நல்லா வேலை செய்யுது. கழட்டியும் எந்த மாற்றமும் இல்லைன்னா, குற்றவாளி அதுதான். அப்புறம் அந்தப் பிளக்கைப் பக்கத்து சிலிண்டர்ல போடுவாங்க. கோளாறும் கூடவே போனா பிளக் கெட்டிருக்கு. போகலைன்னா ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, கடைசியா வால்வும் கம்ப்ரெஷனும். ஒரே சிலிண்டர்னு இல்லாம மாத்தி மாத்தி எல்லாமே விட்டா, எல்லாத்துக்கும் பொதுவான பாயிண்ட், கண்டென்சர், காயில், பெட்ரோல் வர்ற வழி.

நான் பகல்ல கோட் எழுதுறவன். எனக்கு இது அப்படியே டீபக்கிங்தான். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து, என்ன ஆகுதுன்னு பாரு.

இப்ப வர்ற கார்கள்ல இந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்யுது. ஆனா அது மெக்கானிக்குக்கு உதவ வந்ததில்லை, புகையைக் கட்டுப்படுத்த வந்தது. மிஸ்ஃபயர் ஆனா எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துடும். அதனால கலிஃபோர்னியாவில தொடங்கின விதிகள் வளர்ந்து, 1996-ல அமெரிக்காவில விக்கிற எல்லாப் புதுக் கார்களுக்கும் ஓபிடி-2 கட்டாயம் ஆச்சு. கிராங்க் ஷாஃப்ட்டோட வேகம் எந்த இடத்துல லேசா குறையுதுன்னு சென்சார் பார்க்கும். முதல் சிலிண்டர்னா ‘பி0301’னு ஒரு கோட் வரும். மெக்கானிக் காதால பிடிச்ச அதே தள்ளாட்டத்தைத்தான் சென்சார் எண்ணிப் பார்க்குது.

ஆனா அந்தக் கோட் ‘எங்க’ன்னு மட்டும்தான் சொல்லும். ‘ஏன்’னு சொல்லாது. பிளக்கா, ஒயரா, வால்வான்னு அதுக்கப்புறமும் ஒருத்தர் பிரிச்சுப் பார்த்துத்தான் ஆகணும். ஸ்கேனர்ல கோட் வந்ததும் பொருளை மாத்துறதும், ஸ்கேனரே இல்லாம எல்லாத்தையும் மாத்தச் சொல்றதும் கிட்டத்தட்ட ஒரே தப்புதான்.

உத்தர்பாராவில அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாசம் நின்னது. பாயிண்ட் செட் பண்ணத் தெரிஞ்சவங்க இப்போ வயசானவங்க. அதனால வன்னியம்பட்டி நண்பருக்கு என் பதில் இது: வண்டியை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி, ஃபீலர் கேஜ் வச்சிருக்கிற ஒரு பழைய பெட்ரோல் மெக்கானிக் அண்ணனைத் தேடுங்க. நாலு ஒயரையும் ஒவ்வொண்ணா கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க. நீங்களா கையை வச்சுடாதீங்க, ஷாக் பலமா அடிக்கும். புது வண்டியில இந்தச் சோதனையே வேண்டாம், காயிலும் கன்வெர்ட்டரும் போயிடும். அவர் பார்க்கும்போது பக்கத்துல நின்னு, ஏன் அப்படிச் செய்றார்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க. எது கெட்டிருக்குன்னு தெரிஞ்ச பிறகு காசைப் பத்தி வீட்ல பேசலாம்.

என்ன ஆச்சுன்னு மறக்காம ஒரு மெசேஜ் போடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.