இல்லத் தொலைபேசியும் இணையமும்

பிற மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்திற்கு வீடு என்பது ஒன்றன்று, இரண்டு. நாம் குடியிருக்கும் வீடு ஒன்று. பெற்றோர் இருக்கும் வீடு மற்றொன்று. மைசூரில் அலுவலகம் சென்று திரும்பி, கன்னடத்தில் பேரம் பேசிக் காய்கறி வாங்கி, பிள்ளைகளின் பாடத்தையும் ஒருவாறு பார்த்து முடித்த பின்னர், மனம் அந்த இரண்டாவது வீட்டை நோக்கித் திரும்புகிறது. அங்கே மணி ஒலிக்க வேண்டும். யாரேனும் எடுத்து, 'சாப்பிட்டாயா?' என்று கேட்க வேண்டும். இச்சிறு தேவைக்கு ஏற்ற கருவி எது, செலவு குறைந்தது எது என்னும் வினா இன்று பல இல்லங்களில் எழுகிறது. இணையத்தின் வழியே பேசும் தொலைபேசி ஒன்றை வாங்கி ஊரில் வைத்துவிடலாமா என்று நண்பர்கள் கேட்கின்றனர். விடை கூறுமுன், நம் குரல் ஊர்விட்டு ஊர் செல்ல இதுகாறும் என்ன விலை கொடுத்தது என்பதைச் சற்றே திரும்பிப் பார்த்தல் நன்று. அவ்விலையைக் கருவி மட்டும் முடிவு செய்யவில்லை. தொலைவும் சட்டமும் சேர்ந்தே முடிவு செய்தன.

குரலைக் காற்றில் அனுப்பும் கலை மைசூருக்குப் புதிதன்று. 1935ஆம் ஆண்டில் இந்நகரத்து மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தமது இல்லத்திலேயே ஒரு சிறிய ஒலிபரப்பு நிலையத்தை நிறுவினார். அந்நிலையத்திற்கு வாய்த்த 'ஆகாசவாணி' என்னும் பெயரே பின்னாளில் நாட்டின் வானொலிக்கும் பெயராயிற்று. ஆயினும் வானொலி ஒருவழிக் குரல். நாம் கேட்கலாம், மறுமொழி சொல்ல இயலாது. ஊரில் தந்தைக்குக் காய்ச்சல் என்ற செய்தி மைசூருக்கு வர அஞ்சலட்டையும் தந்தியும்தாம் இருந்தன.

தொலைபேசி இல்லாமல் இல்லை. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1882ஆம் ஆண்டிலேயே தொலைபேசி நிலையங்கள் தோன்றிவிட்டன. எனினும் விடுதலை பெற்ற நாளில் நாடு முழுவதிலும் ஓர் இலட்சம் தொலைபேசிகள்கூட இல்லை. 1948இல் பெங்களூரில் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. சுழல்தட்டு பொருந்திய கனமான கறுப்புக் கருவிகள் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. அத்தொழிற்சாலை கர்நாடக மண்ணில் இருந்தும், அதன் கருவி நம்மவர் வீட்டு மேசையில் ஏறப் பல ஆண்டுகள் பிடித்தன. விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு, குழந்தை பிறந்து பள்ளிக்குச் செல்லும் வரையில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு.

வெளியூருக்குப் பேசுவது அதனினும் பெரிய காரியம். 'டிரங்கால்' என்ற சொல்லை இன்றைய இளைஞர் அறியார். நிலையத்தை அழைத்து, ஊரும் எண்ணும் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பின்னர் காத்திருக்க வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் என அழைப்பிலே சாதிகள் இருந்தன. மின்னல் அழைப்புக்குக் கட்டணம் பன்மடங்கு. ஆதலின் மின்னலை நாடியவர் பெரும்பாலும் துக்கச் செய்தி உடையவரே. குறிப்பிட்ட ஒருவரோடு மட்டுமே பேச விரும்பினால் அதற்கு 'பி.பி.' என்று ஒரு முறை. இந்த இரண்டு எழுத்துகளும் பின்னர் நம் நாட்டில் வேறொரு பொருளைப் பெற்றது சுவையான செய்தி. தொலைபேசி இல்லாதவர் பக்கத்து வீட்டாரின் எண்ணைத் தம் முகவரிச் சீட்டில் அச்சிட்டு, அருகே 'பி.பி.' என்று போட்டுக் கொண்டனர். அண்டை வீட்டுக்காரரின் பொறுமையே நம் தாய்மாருக்குத் தொலைபேசி இணைப்பாக இருந்தது என்று சொல்லலாம். அவர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, அவ்வீட்டார் அனைவரும் கேட்க, குடும்ப விவகாரத்தை மூன்று நிமிடத்தில் பேசி முடிக்க வேண்டும்.

மைசூரிலிருந்து சாமராஜநகரம், திம்பம் மலைப்பாதை, சத்தியமங்கலம் எனப் பேருந்தில் சென்றால் அரை நாளில் கொங்கு நாட்டை அடைந்துவிடலாம். பதிவு செய்த டிரங்கால் கிடைப்பதற்கும் சில நாள்களில் அதே அரை நாள் ஆனதுண்டு.

நாமே எண்ணைச் சுழற்றி வெளியூருடன் நேரே பேசும் முறை 1960இல் கான்பூருக்கும் இலக்னோவுக்கும் இடையே முதன்முதல் ஏற்பட்டது. அது சிற்றூர்கள் வரை வந்து சேர மேலும் ஒரு தலைமுறை ஆயிற்று. 1984இல் மத்திய அரசு தொலைத்தொடர்பு ஆய்வுக்கென 'சி-டாட்' என்னும் அமைப்பை நிறுவியது. அது வடிவமைத்த சிற்றூர்த் தொலைபேசி நிலையம் 128 முனைகள் கொண்டது. குளிர்சாதன அறை வேண்டாதது. தூசியையும் வெயிலையும் தாங்குவது. அந்நிலையம் 1986இல் முதன்முதலாக இதே கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. வெளிநாட்டு நிலையங்கள் குளிர்ந்த அறையை எதிர்பார்த்தன. நம் சிற்றூர்களிலோ மின்விசிறிக்கே மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. இடத்தை அறிந்து கருவியைச் செய்த அவ்வறிவு பாராட்டுக்குரியது. நாம் இன்று கருவி தேர்ந்தெடுக்கும்போதும் அதே அறிவு வேண்டும். அதைப் பின்னர்க் கூறுவோம்.

அடுத்து வந்தது மஞ்சள் பலகைக் காலம். எஸ்.டி.டி. என்று எழுதிய கண்ணாடிக் கூண்டுகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. இரவு முற்றினால் கட்டணம் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதால், உண்டு முடித்து உறங்கும் வேளையில் தமிழர் பலர் கூண்டின் வாயிலில் வரிசையாக நின்றனர். உள்ளே சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவ்வெண்களைப் பார்த்துக்கொண்டே பேசிய பேச்சில் அன்புக்கு இடம் குறைவு, செய்திக்கே இடம். 'பணம் ஏறுகிறது, வைத்துவிடு' என்று மறுமுனையில் தாயே சொல்லிவிடுவாள். தூரத்திற்கு ஏற்ப விலை என்ற விதியால், கோயம்புத்தூர்க்காரர் நான்கு வார்த்தை கூடுதலாகப் பேச, திருநெல்வேலிக்காரர் சுருக்கிக்கொண்டார்.

இந்நிலையில்தான் இணையம் வந்தது. 1995 ஆகஸ்டு 15இல் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் இஸ்ரேல் நாட்டு நிறுவனம் ஒன்று, கணினி வழியே பேச உதவும் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. அதன் தத்துவம் எளியது. பழைய முறையில் பேசுவோர் இருவருக்கும் இடையே ஒரு பாதை முழுவதும் ஒதுக்கப்படும். மௌனமாக இருந்தாலும் அப்பாதை அவர்களுடையதே. இணைய முறையிலோ குரல் சிறுசிறு துண்டுகளாக நறுக்கப்படுகிறது. பொதுவாக ஒரு விநாடிக்கு ஐம்பது துண்டுகள். ஒவ்வொரு துண்டும் முகவரி தாங்கிய அஞ்சலுறை போலப் பொதுப்பாதையில் சென்று மறுமுனையில் ஒன்று கூடுகிறது. பாதை எவருக்கும் தனியே ஒதுக்கப்படாததால் தொலைவுக்கு விலை இல்லை. உறைகள் தாமதித்து வந்தால் பேச்சு தடுமாறும். கால் விநாடி தாமதமே ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவதற்குப் போதும்.

இத்தகைய வசதியை நம் நாட்டில் உடனே பயன்படுத்த இயலவில்லை. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் தொலைத்தொடர்பு உரிமையை அரசுக்கே உரியதாக்கியிருந்தது. குரலை இணையத்தில் அனுப்புவதை உரிம விதிகள் தடுத்தன. 2002 ஏப்ரல் முதல் நாள்தான் கதவு திறந்தது. அதுவும் பாதிக் கதவு. கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம்; கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம்; ஆனால் உள்நாட்டுத் தொலைபேசிக்குப் பேசக் கூடாது. மைசூரில் ஒரு கணினியின் முன் அமர்ந்த தமிழர், டொராண்டோவில் உள்ள தம்பியின் வீட்டு மணியை ஒலிக்கச் செய்யலாம். தஞ்சாவூரில் உள்ள தாயின் வீட்டு மணியை ஒலிக்கச் செய்தால் விதிமீறல். உள்நாட்டு அழைப்புகளின் வருவாயைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் இதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். காரணம் எதுவாயினும் அதன் சுமையைத் தாங்கியவர் கடல் கடந்தவர் அல்லர். மாநிலம் கடந்த நம்மைப் போன்றவரே. 2004இல் நாட்டின் முதல் கம்பியில்லா இணைய நகரம் என்று மைசூர் விளம்பரம் பெற்றபோதும் இந்நிலை மாறவில்லை.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் ஓர் அரிய முயற்சி நடைபெற்றது. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் குழுவினரும் ஒரு கணக்கைப் போட்டனர். ஒரு வீட்டுக்கு இணைப்பு அளிக்க அந்நாளில் 30,000 ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. அச்செலவை 10,000 ரூபாய் அளவுக்குக் கொண்டுவந்தால் அன்றி எளிய இல்லங்களுக்குத் தொலைபேசி எட்டாது. அதற்காக அவர்கள் உருவாக்கிய 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லா முறை, ஒரே இணைப்பில் தொலைபேசியையும் இணையத்தையும் ஒருங்கே அளித்தது. இணையத்தின் வேகம் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்றைய பிள்ளைகள் கேட்டால் நகைப்பர். அன்று அது பெரும்பேறு. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் இம்முறையால் இணைய நிலையங்கள் ஏற்பட்டன. அங்கிருந்து நோயாளியின் கண்ணைப் படம்பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெற்றனர். பின்னர்க் கைப்பேசி பெருவெள்ளமாக வந்து இதனை ஓரந்தள்ளிவிட்டது. செலவைக் குறைத்தால்தான் உரிமை விரியும் என்ற அவர்தம் கணக்கு மட்டும் பிழையாகவில்லை.

தொலைவின் விலை வீழ்ந்த நாள் என்று ஒரு நாளைக் குறிக்க வேண்டுமானால், 2006 மார்ச்சு முதல் நாளைக் குறிக்கலாம். அன்று பி.எஸ்.என்.எல். இந்தியா முழுவதும் நிமிடத்திற்கு ஒரு ரூபாய் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 2016இல் ஜியோ வந்த பின்னர்க் கைப்பேசிக் குரலே இணைய நெறியில் செல்லத் தொடங்கிற்று. அழைப்புக்குத் தனி விலை என்பதும் மறைந்தது. 2018 சூனில் உள்நாட்டு எண்களுக்கும் இணையத் தொலைபேசி வழியே பேசலாம் என்று தொலைத்தொடர்புத் துறை தெளிவாக்கியது. அடுத்த மாதமே பி.எஸ்.என்.எல். ஆண்டுக்கு 1,099 ரூபாய்க் கட்டணத்தில் அத்தகைய சேவையை அறிமுகம் செய்தது. பதினாறு ஆண்டுகள் மூடியிருந்த மறுபாதிக் கதவு திறந்தபோது, அதன்முன் கூட்டம் இல்லை. எல்லோர் கையிலும் கைப்பேசி இருந்தது.

அப்படியாயின் இல்லத்திற்கென ஓர் இணையத் தொலைபேசி எதற்கு? ஊரில் இருக்கும் எழுபது வயதுத் தாயைக் கேட்டால் விடை கிடைக்கும். கைப்பேசி தலையணைக்கு அடியில் இருக்கும், மின்னூட்டம் தீர்ந்திருக்கும், கைபட்டு ஒலி அடங்கியிருக்கும். இங்கே நாம் பத்து முறை அழைத்துவிட்டு, அண்டை வீட்டாரைத் தேடுவோம். பழைய பி.பி. மீண்டும் வந்துவிடுகிறது! சுவரோரம் ஓரிடத்தில் நிலையாக இருந்து, உரத்து ஒலித்து, எடுத்தவுடன் பேசும் கருவியின் அருமை அப்போது விளங்கும்.

இதற்குப் புதிய கருவிகூடப் பல வீடுகளில் தேவைப்படாது. இன்று கண்ணாடி இழை இணைப்புடன் தரப்படும் பெட்டிகள் பலவற்றின் பின்புறத்தில் சாதாரணத் தொலைபேசியைச் செருகும் துளை உண்டு. பரணில் கிடக்கும் பொத்தான் தொலைபேசியை எடுத்துத் துடைத்து அதில் செருகினால் அதுவே இணையத் தொலைபேசி ஆகிவிடும். சுழல்தட்டுக் கறுப்புக் கருவியைப் பல பெட்டிகள் புரிந்துகொள்வதில்லை. மணி ஒலிக்கலாம், எண்ணைச் சுழற்றினால் அழைப்பு போகாது. துளை இல்லாத பெட்டியாயின் ஒரு சிறு இணைப்பான் வாங்க வேண்டும். இணையத்தில் நேரே இணையும் விலையுயர்ந்த மேசைத் தொலைபேசிகள் அலுவலகத்திற்கு உரியவை. திரையும் பொத்தான்களும் நிறைந்த அவற்றை முதியோர் விரும்பார். குரலுக்கு வேண்டிய வேகம் விநாடிக்கு நூறு கிலோபிட்டுக்கும் குறைவே. ஆகையால் தொலைபேசிக்காக மட்டும் உயர்ந்த வேகத் திட்டத்தை வாங்குதல் வீண்.

ஒரு செய்தியை மட்டும் விற்பவர் சொல்வதில்லை. பழைய கம்பித் தொலைபேசி தன் மின்சாரத்தை நிலையத்திலிருந்தே பெற்றது. 48 வோல்ட் மின்னோட்டம் அக்கம்பியிலேயே வந்தது. ஊர் முழுவதும் இருண்டிருந்த புயல் இரவிலும் அது ஒலித்ததற்கு அதுவே காரணம். கண்ணாடி இழையில் ஒளி வரும், மின்சாரம் வராது. வீட்டில் மின்சாரம் நின்ற கணமே பெட்டி அணையும், தொலைபேசி ஊமையாகும். மழைக்காலத்தில், முதியவர் தனித்திருக்கும் வீட்டில், உதவி வேண்டிய வேளையும் மின்சாரம் போகும் வேளையும் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே நம் கருத்தில், மலிவான தொலைபேசியின் விலையோடு பெட்டிக்கு ஒரு சிறு மின்கலக் காப்புக் கருவியின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். கித்தூரில் நிலையம் அமைத்தவர் வெயிலையும் தூசியையும் எண்ணியது போல, நாம் ஊரின் மின்வெட்டை எண்ண வேண்டும்.

மைசூரில் பெற்ற எண்ணைச் செயலியில் ஏற்றி ஊரிலுள்ளோரிடம் கொடுப்பவர்கள், 112 என்ற அவசர எண்ணை அழைத்தால் அவ்வழைப்பு எங்கே சென்று சேரும் என்பதைச் சேவை அளிப்போரிடம் முன்னதாகக் கேட்டுத் தெளிதல் வேண்டும். உதவி வண்டி நசர்பாத்துக்கு வந்து பயனில்லை. மற்றொன்று: 2021 சனவரி 15 முதல், இல்லத் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்க முன்னே ஒரு சுழியம் சேர்க்க வேண்டும் என்ற விதி வந்தது. நம் கைப்பேசி எண்ணை அச்சுழியத்தோடு பெரிய எழுத்தில் எழுதி, தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டு வண்டி ஏறலாம்.